செயின்ட் லெஜரை மூத்த குதிரைகளுக்கும் திறந்துவிடலாமா?

பந்தயப்பிரியன்:
இங்கிலாந்தின் டான்காஸ்டரில் செப்டம்பரில் நடக்கும் செயின்ட் லெஜர் குதிரைப் பந்தயத்தில் மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்கிறேன். 1776-இல் தொடங்கியது, 'கிளாசிக்' என்று சொல்லும் ஐந்து பெரிய பந்தயங்களில் மூத்தது, எல்லாம் சரி. ஆனால் இன்னொரு கிளாசிக்கான டெர்பியை ஜெயித்த குதிரை இப்போது இங்கே வருவதே அபூர்வம். ஒன்றே முக்கால் மைலுக்கு மேல் ஓடி ஜெயித்தால் 'வேகம் கம்மி' என்று பெயர் வாங்கி, இனப்பெருக்கத்துக்கு விலை இறங்கிவிடுமோ என்று உரிமையாளர்களுக்குப் பயம். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் லெஜரை 1983-லேயே திறந்துவிட்டார்கள். வின்டேஜ் கிராப் என்ற குதிரை ஆறு வயதில் அதை ஜெயித்து, அதே 1993-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பையையும் தூக்கியது.

டவுன்மூர்:
அப்புறம் டிரிபிள் கிரவுன் என்ன ஆவது? 2000 கினீஸ், டெர்பி, லெஜர் மூன்று பந்தயங்களையும் ஜெயிக்கும் குதிரைக்குத்தான் அந்தப் பட்டம்; மூன்றும் ஒரே வயதுக் குதிரைகளுக்கு என்பதால்தான் அதற்கு மதிப்பு. 1853-இல் வெஸ்ட் ஆஸ்திரேலியன் முதலில் வாங்கியது, 1970-இல் நிஜின்ஸ்கி கடைசியாக.

பந்தயப்பிரியன்:
நிஜின்ஸ்கிதான் என் சாட்சியே. அந்த ஆகஸ்டில் படர்தாமரை வந்து உடம்பெல்லாம் முடி கொட்டியிருந்தது. அந்த நிலையிலும் லெஜரில் ஓட்டினார்கள், ஜெயித்தது, ஆனால் எடை இறங்கிவிட்டது. மூன்றே வாரத்தில் பாரிஸில் ஆர்க் பந்தயம். சாசஃப்ராஸ் என்ற குதிரையிடம் ஒரு தலை அளவில் தோற்றது. அதைப் பார்த்தபின் எந்தப் பயிற்சியாளருக்குத் துணிச்சல் வரும்?

வேலியோரம்:
விதி ஒன்றும் கல்வெட்டு இல்லை. முதல் பந்தயம் கேன்ட்லி காமனில், இரண்டு மைல். 1778-இல் டான்காஸ்டரின் டவுன் மூர் மைதானத்துக்கு வந்தது, 1813-இல் தூரத்தைக் குறைத்தார்கள்.

டவுன்மூர்:
தூரத்தைத் தொட்டார்கள், வயதைத் தொடவில்லையே. 1977 லெஜரின் படச்சுருள் கிடைத்தால் பாருங்கள். ராணி எலிசபெத்தின் டன்ஃபெர்ம்லின், பெண் குதிரைகளுக்கான கிளாசிக்கான ஓக்ஸை ஜெயித்தது. எதிரே ஜாக்கி பிகாட் ஏறிய அலெஜ்ட், அதுவரை தோல்வியே அறியாதது. நேர்ப்பாதையில் இரண்டும் மற்றவற்றை விட்டுவிட்டுப் போய்விட்டன. டன்ஃபெர்ம்லினை ஓட்டிய வில்லி கார்சன் விடவே இல்லை. விரட்டி விரட்டி ஒன்றரைக் குதிரை நீளத்தில் ஜெயித்தார். அலெஜ்ட் அடுத்த மாதமே ஆர்க்கை ஜெயித்தது, மறு வருடமும் ஜெயித்தது. வாழ்நாளில் அதற்கு இருந்த ஒரே தோல்வி டான்காஸ்டரில்தான். நான்கு, ஐந்து வயதில் முறுக்கேறிய குதிரைகள் அன்று ஓடியிருந்தால் அந்தப் போட்டியே கிடைத்திருக்காது.

பந்தயப்பிரியன்:
அது 1977, நண்பரே. பிறகு 2012 வரை டிரிபிள் கிரவுனுக்கு ஒரு குதிரைகூட முயலவில்லை.

டவுன்மூர்:
2012-இல் கேமலாட் வந்ததே, முக்கால் நீளத்தில் என்கேயிடம் தோற்றதே! உள்வேலியோரம் வழி கிடைக்காமல் தவித்து, வெளியே வந்து பாய்ந்தபோது தூரம் தீர்ந்துவிட்டது. எனக்கு இன்றுவரை ஆறவில்லை. விதியைத் தளர்த்தியிருந்தால் அந்தத் தோல்விக்காக யார் அழுதிருப்பார்கள்?