வாளையார் ரோட்டு லாரி விபத்துகள்: நஷ்டஈடு கேஸ்களில் பார்த்தவை

கஞ்சிக்கோடு_பட்டறை
கஞ்சிக்கோட்டுக்கு முன்னாடி, ராத்திரி ரெண்டு மணி. ஆக்ஸில் ஒடிஞ்சு நின்ன பத்து வீல் லாரி, பின்னால வந்து சொருகின பைக். லாரிக்குப் பின்னாடி சிவப்பு முக்கோணம் கிடையாது. நாலு கல்லும் ஒரு வேப்பங்கொப்பும்தான். ஆம்புலன்ஸ் கிளம்பின கையோட டிரைவர் கொப்பை இழுத்து ஓடையில போட்டுட்டு, பின்னால நின்ன இன்னொரு லாரியில முக்கோணம் கடன் வாங்கி வச்சுட்டார். டீக்கடைக்காரர் பார்த்துட்டே நின்னார். விடிஞ்சு போலீஸ் எழுதின மகஜர்ல (சம்பவ இடக் குறிப்பு) "எச்சரிக்கை முக்கோணம் வைக்கப்பட்டிருந்தது"ன்னு ஏறிடுச்சு. எஃப்.ஐ.ஆர். பைக் ஓட்டின பையன் மேல. ஓடையில கிடந்த கொப்புல இலைகூட வாடல. அதை ஒரு போட்டோ எடுக்க அங்க ஆள் இல்ல.

குமாஸ்தா_பாலக்காடு
எஃப்.ஐ.ஆர். பையன் மேலன்னா கேஸ் முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்லீங்க. குற்றப்பத்திரிகையே கவனக்குறைவுக்கு முதல்நிலை ஆதாரம்னு கேரள உயர்நீதிமன்றம் 2011ல சொன்னது உண்மைதான். ஆனா எதிர்ச்சாட்சியம் கொண்டுவந்தா அது உடையும். அந்த டீக்கடைக்காரரைக் கூண்டுல ஏத்தணும். வண்டியைச் சோதிச்ச ஏ.எம்.வி.ஐ. (உதவி மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டோட சான்றிட்ட நகல் வாங்கி, பின்பக்கச் சிவப்பு ஒளிரும் பட்டை, பார்க்கிங் லைட் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும். மகஜர்ல வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே லாரி எத்தனை சென்டிமீட்டர் நின்னதுன்னு அளவு இருக்கணும். இல்லேன்னா அளந்தவரைத்தான் குறுக்கு விசாரணையில கேக்கணும். தப்பு ரெண்டு பக்கமும்னு ஆனாக்கூட, பையனோட பங்கு எத்தனை சதவீதமோ அவ்வளவுதான் நஷ்டஈடு குறையும்.

கோவைக் குடும்பம்னா மோட்டார் வாகனச் சட்டம் 166(2) பிரிவுப்படி குடியிருக்கிற ஊர்லயே, கோவை விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துல, மனு போடலாம். பாலக்காட்டுக்கு அலையத் தேவையில்லை. ஆனா எஃப்.ஐ.ஆர்., மகஜர், காயச் சான்று எல்லாம் மலையாளத்துல வரும். மொழிபெயர்ப்பு இல்லாம போட்டா வாய்தா மேல வாய்தா. எஃப்.ஐ.ஆரை கேரள போலீஸோட 'துண' போர்ட்டல்லயே இறக்கிக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு கெடு இருக்கு. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்காங்க, அதை நம்பி உட்கார்ந்துடாதீங்க.

வேலந்தாவளம்_மண்டி
இங்க தக்காளிச் சந்தைக்கு வர்ற மினி லாரியில சரக்குக்காரரும் முன்சீட்டுல ஏறித்தான் வருவார். வண்டி கவிழ்ந்து இடுப்பெலும்பு உடைஞ்சு போனவர் ஒருத்தர். அவசரப் பிரிவுல டியூட்டி டாக்டர் கேட்டதுக்குக் கூட இருந்த பையன், "லிஃப்ட் கேட்டு ஏறினோம்" அப்படின்னுட்டான். பதிவேட்டுல அதேதான் விழுந்துச்சு. சரக்கு வண்டியில சும்மா ஏறினவருக்கு இன்ஷூரன்ஸ் பொறுப்பில்லைன்னு கம்பெனி அந்த ஒரு வரியை வச்சே நின்னுடுச்சு. அவர் சட்டைப் பையில இருந்த மண்டிச் சிட்டைப் பிரிச்சுப் பார்த்தா ரத்தத்துல பாதி அழிஞ்சிருக்கு. அவர் பேரும் 42 கிரேட் (தக்காளிப் பெட்டி) கணக்கும் மட்டும் தெரியுது.

எல்லைக்கோடு
மண்டி அண்ணா, அந்தச் சிட்டுதான் உயிர். 1994 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் சரக்கோட உரிமையாளரும் அவர் அனுப்பின ஆளும் பாலிசிக்குள்ள வர்றாங்க. மண்டியில பில் புக்கோட அடிக்கட்டை இருக்கும், கணக்கு நோட்டும் இருக்கும், ரெண்டையும் தீர்ப்பாயத்துக்கு வரவழைக்கணும். ஆனா கூரை மேலயும் லோடு மேலயும் உட்கார்ந்து வர்றவங்க விஷயம் ரொம்பக் கஷ்டம், அதைச் சொல்லாம இருக்கக் கூடாது.

குமாஸ்தா அண்ணா சொன்னதுல ஒரு குறை. எல்லாரும் யார் தப்புங்கிறதுலயே நிக்கறாங்க, தொகையைப் பார்க்கறதில்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு லோடுமேன், 38 வயசு, மாச வருமானம் 15,000. முழங்கால் நொறுங்கிப் போச்சு, மருத்துவ போர்டு போட்டது 30 சதவீத ஊனம். சொந்தத் தொழில்காரர், 40க்குக் கீழேன்னா எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூடும், ஆக 21,000. வருஷத்துக்கு 2,52,000. வருஷ வருமானத்தைப் பெருக்கற எண் வயசைப் பொறுத்தது, அந்த வயசுக்கு 15. மொத்தம் 37,80,000. அதுல 30 சதவீதம் 11,34,000. கம்பெனி வக்கீல் இதோட நிறுத்தப் பார்த்தார். இவரோட வக்கீல் டாக்டரை ஒரே கேள்வி கேட்டார்: "இந்தக் காலோட அம்பது கிலோ மூட்டையைத் தோள்ல வச்சு, பலகையில ஏறி லாரிக்குள்ள போக முடியுமா?" டாக்டர் எக்ஸ்ரேயைத் திருப்பிப் பார்த்துட்டு, "முடியாது" என்றார். உடம்புக் குறைபாடு வேற, தொழில்ல வர்ற இழப்பு வேறன்னு 2010லயே உச்ச நீதிமன்றம் பிரிச்சுச் சொல்லியிருக்கு. தீர்ப்பாயம் 60 சதவீதம்னு எடுத்துச்சு: 22,68,000. போர்டு சான்றிதழை மட்டும் நீட்டிட்டு டாக்டரைக் கூப்பிடாம விடற கேஸ்கள்ல பாதிப் பணம் அங்கேயே போயிடுது.

கஞ்சிக்கோடு_பட்டறை
வித்த லாரி பத்தியும் சொல்லணும். முத்திரைத்தாள்ல எழுதி வித்துட்டா பொறுப்பு போயிடும்னு நினைச்சு இருக்காங்க. ஆர்.சி.யில (பதிவுச் சான்று) யார் பேரோ அவர்தான் உரிமையாளர்னு 2018ல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. இன்ஷூரன்ஸ் காலாவதியான லாரி மோதினா, பழைய உரிமையாளர் வீட்டுக்கும் நோட்டீஸ் வரும். மோதின லாரி நம்பரை எம்பரிவாகன் ஆப்ல போட்டு இன்ஷூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட் தேதி மூணையும் அன்னைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

வேலந்தாவளம்_மண்டி
அந்த "லிஃப்ட்" வரியை இனிமே மாத்த முடியுமாங்க?

குமாஸ்தா_பாலக்காடு
பதிவேட்டுல எழுதினதை அழிக்க முடியாதுங்க. அந்தப் பையன் சொன்னது அவசரத்துலன்னு விளக்கச் சாட்சி வேணும். போலீஸ் வாக்குமூலம் எடுக்கும்போது அடிபட்டவரே சரக்கு யாருதுன்னு முதல்லயே சொல்லிடணும். அது எவ்வளவு சீக்கிரம் பதிவாகுதோ அவ்வளவு பலம். வார்டுல படுத்திருக்கற நம்ம ஆளுக்கு மலையாளம் பேசத் தெரிஞ்சாலும் வாசிக்கத் தெரியாது. எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.