அப்பாவின் ஜீப்புக்கு வேறு இன்ஜின் போடலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அப்பா வாங்கிய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப், டி.என். 31 பதிவு. பழைய பெஜோ டீசல் இன்ஜினின் பிளாக்கிலேயே (இன்ஜினின் முக்கிய உடல் பகுதி) விரிசல் விட்டுவிட்டது. இதே பிளாக் எங்கும் கிடைக்கவில்லை. மஹிந்திராவின் 2523 சி.சி. டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன் டீசல்) இன்ஜின் ஒன்று புதுச்சேரியில் கிடைக்கிறது. ஆர்.சி.யில் ஏறுமா? விற்க மனசு வரவில்லை, அதில்தான் ஓட்டவே பழகினேன்.

பதில் 1:
அவசரப்படாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவைப் படியுங்கள். ஆர்.சி. விவரம் உற்பத்தியாளர் தந்த விவரத்திலிருந்து மாறக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சி.சி. மாறினால் சிக்கல்தான்.

பதில் 2:
அதே வகை இன்ஜினையே தேடுங்கள் தம்பி, பழைய ஜீப் பிரிக்கும் இடங்களில் கிடைக்கும். பில், விற்றவரின் ஆர்.சி. நகல் கட்டாயம் வாங்குங்கள். மாட்டும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மீறினால் அதே சட்டத்தின் 182ஏ பிரிவில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே உண்டு.

கேட்டவர்:
சரிங்கண்ணா. டி.ஐ.க்கு முன்பணம் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகிறேன்.