உலகப் பட்டம் வென்ற கிரேக்க மலைச் சைக்கிள் வீரரை ஏன் யாருக்கும் தெரியவில்லை?

கம்பம் சைக்கிள்காரன்:
ஞாயிறு விடிகாலையில் நாங்கள் ஐந்து பேர் லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு மிதித்து ஏறுவோம். செக்போஸ்ட் தாண்டி டீ குடிக்கும்போது, யாருக்கு எந்த வீரரைப் பிடிக்கும் என்று பேச்சு வந்தது. நான்கு பேரும் சுவிஸ் வீரர் நினோ ஷூர்ட்டர் என்றார்கள். நான் பெரிக்லிஸ் இலியாஸ் என்றேன். "யாருப்பா அது?" என்றார்கள். 2012இல் பிரான்ஸின் ஓர்னானில் நடந்த மாரத்தான் என்கிற நீண்ட தூர மலைச் சைக்கிள் உலகப் போட்டியில் ஜெயித்தவர். மலைச் சைக்கிளில் பெரிய பேர் இல்லாத கிரீஸிலிருந்து வந்து வாங்கிய பட்டம். அவர் பெயர் ஏன் பரவவில்லை? மனசு ஆறவில்லை.

போடிமெட்டு:
தம்பி, காரணம் பந்தய வகையில்தான் இருக்கிறது. அதே 2012இல் ஷூர்ட்டரும் உலகப் பட்டம் வாங்கினார், ஆனால் அது கிராஸ் கன்ட்ரி. சில கிலோமீட்டர் வட்டத்தையே திரும்பத் திரும்பச் சுற்றி, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். கேமராவை நான்கு இடத்தில் நட்டால் போதும். மலைச் சைக்கிளில் 1996 முதல் ஒலிம்பிக்கில் இருப்பதும் அது மட்டும்தான். மாரத்தான் 60 கிலோமீட்டருக்கு மேல், சில சமயம் 100ஐத் தாண்டும். காட்டுக்குள் போனவன் எப்போது வெளியே வருவான் என்று ஆள் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, உலகப் பட்டம் வாங்கியவருக்குக் கிடைக்கும் ஐந்து வண்ணப் பட்டை போட்ட வெள்ளைச் சட்டையை ஜெயித்த வகைப் பந்தயத்தில் மட்டுமே போடலாம். கிராஸ் கன்ட்ரிக்கு வந்தால் இலியாஸும் கூட்டத்தில் ஒருவர். கிரீஸிலும் கால்பந்து, கூடைப்பந்துக்குத்தான் ஆரவாரம். இத்தனைக்கும் 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், மாரத்தான் ஊருக்குப் போய்த் திரும்பும் 87 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தவர் அரிஸ்டிடிஸ் கான்ஸ்டான்டினிடிஸ் என்ற கிரேக்கர்.

குலசேகரம்:
அண்ணன் சொல்வது சரி. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி திருவனந்தபுரம் பக்கம் பொன்முடியில் நடந்தபோது விதுரை வழியாகப் போய்ப் பார்த்தேன். கல்லாற்றிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் மேலே பனி. முதல் சுற்றில் ஒருவரையும் தெரியாது. மூன்றாவது சுற்றில் சட்டை நிறத்தை வைத்தே ஆளைச் சொன்னேன், பக்கத்தில் நின்ற மலையாளி சேட்டனோடு சேர்ந்து கத்தினேன். மாரத்தானில் அந்த ஆள் நம் முன்னால் ஒரே தடவைதான் போவார், அப்புறம் எப்படிப் பெயர் மனதில் நிற்கும்?

கம்பம் சைக்கிள்காரன்:
சட்டை விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே. டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஓட்டியதும் இந்தக் கிராஸ் கன்ட்ரிதான், 35 வயதில். இத்தனை வருஷம் விடாமல் மிதித்தவரை எனக்கு இன்னும் கூடப் பிடிக்கிறது. அண்ணே, உங்கள் பக்கம் ஏலத்தோட்ட ஜீப் பாதைகளைச் சேர்த்து 60 கிலோமீட்டர் தேறுமா?

போடிமெட்டு:
தேறும். தோட்டக்காரர்களிடம் முதலில் கேட்டுவிடுகிறேன். மழை விடட்டும், வா.