தோழியும் நானும் இரண்டு வருடத்துக்கு ஜெர்மனி போகிறோம்: குக்கர் யார் பெட்டியில்?

சாத்தூர்க்காரி:

வணக்கம். நானும் கோயம்புத்தூரில் நான்கு வருடம் ஒரே விடுதி அறையில் என்னோடு இருந்த தோழியும் இந்த மாதக் கடைசியில் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்துக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறோம். இருவருக்கும் ஒரே விமானம். ஆளுக்கு 23 கிலோவில் ஒரு பெட்டி, கையில் 7 கிலோ. ஃபிராங்க்ஃபர்ட் வரை விமானம், அப்புறம் ரயில்.

இரண்டு வீட்டு அம்மாக்களும் போனில் பேசி ஒரே பட்டியலாகப் போட்டுவிட்டார்கள். குக்கர், மிக்ஸி, அஞ்சறைப் பெட்டி, பொடிகள் எல்லாம் என் பெட்டியில். போர்வை, இரண்டு பேர் ஸ்வெட்டர், மருந்து எல்லாம் அவள் பெட்டியில். சேர்ந்துதானே இருக்கப் போகிறீர்கள், எதற்கு எல்லாவற்றிலும் இரண்டு என்பது அவர்கள் கணக்கு. ஆனால் எங்களுக்குக் கிடைத்திருக்கும் அறைகள் வேறு வேறு கட்டிடத்தில் இருக்கின்றன. தனித்தனியாகக் கட்டலாம் என்று நான் சொன்னால், இப்போதே பாகம் பிரிக்கிறாயா என்று அவள் வருத்தப்படுவாளோ என்று வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

இன்னொன்று. நெய் இரண்டு கிலோ, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ, கருவேப்பிலை, கொஞ்சம் நெத்திலிக் கருவாடு. இதெல்லாம் கொண்டுபோகலாமா? ஏற்கெனவே போனவர்கள் சொல்லுங்கள்.

லைப்சிக் அக்கா:

தங்கச்சி, நானும் என் தோழியும் 2018இல் இதே மாதிரிதான் வந்தோம். குக்கரின் பாத்திரம் என் பெட்டியில், உள்ளே இடம் வீணாகக் கூடாது என்று அதில் துவரம்பருப்பை நிரப்பியிருந்தோம். மூடி, வெயிட், கேஸ்கட் மூன்றும் அவள் பெட்டியில். ஃபிராங்க்ஃபர்ட்டில் பெல்ட் நிற்கிற வரை காத்திருந்தும் அவள் பெட்டி வரவில்லை. ஐந்தாம் நாள்தான் அறைக்கு வந்து சேர்ந்தது. மூடியில்லாத குக்கரில் பருப்பு வேக வெகுநேரம் ஆனது, அது போகட்டும். அவளுக்கு மாற்றிக்கொள்ள ஒரு துணி இல்லை. என் ஸ்வெட்டரும் அவள் பெட்டியில் இருந்ததால் எனக்கும் போட்டுக்கொள்ள எதுவும் இல்லை. நாங்கள் வந்து சேர்ந்தது சனிக்கிழமை இரவு. இங்கே ஞாயிறு என்றால் துணிக்கடை, மளிகைக்கடை எல்லாம் அடைப்பு. அந்த ஒரு நாள் ஜன்னல் ஓரம் ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

அதனால் அம்மாக்கள் பட்டியலை அப்படியே புரட்டிப் போடுங்கள். சாமானை வகைவாரியாகப் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எல்லா வகையிலும் கொஞ்சம் இருக்கட்டும். உன் துணியில் இரண்டு செட், ஒரு ஸ்வெட்டர் அவள் பெட்டியில், அவளுடையது உன் பெட்டியில். தோழியோடு போவதில் இருக்கிற பெரிய வசதியே இதுதான், தனியாகப் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. எந்தப் பெட்டி வராமல் போனாலும் இருவருக்கும் மூன்று நாள் ஓடும். சான்றிதழ் மூலங்கள், சேர்க்கைக் கடிதம், காப்பீட்டுத் தாள், வங்கிக் கணக்குத் தாள் மட்டும் அவரவர் கைப்பையில். அவற்றின் நகல் ஒரு செட்டை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வரவில்லை என்றால் வெளியே வந்துவிடாதீர்கள். பெல்ட் பக்கத்திலேயே இருக்கும் கவுன்டரில் எழுதிக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் வாங்கும் அவசியச் சாமான்களுக்கு ரசீது வைத்திருங்கள். பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்கலாம். பெட்டி உடைந்து வந்தால் 7 நாள்தான். எங்களுக்கு இது தெரியாமல் ரசீதெல்லாம் குப்பைக்குப் போனது.

சாப்பாட்டு விஷயம். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது, சுங்கத்தில் பிடித்தால் எடுத்துவிடுவார்கள். இங்கே எந்தக் கடையிலும் உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் கட்டியாகக் கிடைக்கும், உருக்கினால் நல்ல நெய். பச்சைக் கருவேப்பிலையும் கூடாது. 2019 டிசம்பரிலிருந்து பச்சை இலை, காய், பழம் எதற்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. தேங்காய்க்கு விலக்கு என்று கொப்பரையை எடுத்துவைக்காதே, அதை நம் ஊர் விமான நிலையத்திலேயே பெட்டியில் விட மாட்டார்கள். கருவேப்பிலையைப் பொடியாக இடித்துக் கொண்டு வா. கருவாடு வரலாம், மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. மூன்று கவர் போட்டு, துணி இல்லாத பக்கம் வை. பால்கோவாவுக்குப் பதில் கோவில்பட்டி கடலை மிட்டாய் கொண்டு வா, அது இங்கே கிடைக்காத ருசி. அரிசி, பருப்பு தூக்காதே, ஆசியக் கடைகளில் இருக்கிறது.

கடைசியாக, நீ தயங்குகிற விஷயம். எங்களுக்கு மிக்ஸி அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது, குக்கர் என் அம்மா கொடுத்தது. யாருடையது என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இரண்டாம் வருடம் அவளுக்கு ஸ்டுட்கார்ட்டில் இன்டர்ன்ஷிப் கிடைத்துப் போனாள். எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்றரை வருடம் கழித்துத்தான் சொன்னாள், "நீயே எடுத்துக்கோன்னு சொல்வாய் என்று பார்த்தேன்" என்று. அதற்குள் எங்கள் பேச்சு பிறந்தநாள் வாழ்த்தோடு நின்றிருந்தது. இப்போது சரியாகிவிட்டது, ஆனால் அந்த ஒன்றரை வருடம் போனது போனதுதான். ஆகவே அவளிடம் இன்றே பேசு. இரண்டு லிட்டர் குக்கர் ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். மிக்ஸி ஒன்று போதும், ஆனால் அது யாருடையது என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே பேசி முடியுங்கள்.

டிரெஸ்டன்வாசி:

அக்கா சொன்னதோடு சில விஷயம். குக்கர் வாங்கும்போது இண்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ள ஸ்டீல் குக்கராகப் பாருங்கள். இங்கே விடுதிகளில் கேஸ் அடுப்பைப் பார்ப்பது அரிது, எல்லாம் மின் அடுப்பு. சாதாரண அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடே ஆகாது. கேஸ்கட் இரண்டு கூடுதலாக எடுங்கள், நம் ஊர் அளவு இங்கே கடைகளில் கிடைப்பது கஷ்டம்.

மின்சாரம் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மிக்ஸி அப்படியே ஓடும், பிளக்தான் மாறும். எர்த் உள்ள அடாப்டர் ஆளுக்கு ஒன்று போதும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், பெட்டியில் வைத்தால் திறந்து எடுப்பார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கெம்னிட்ஸுக்கு நேர் ரயில் இல்லை, லைப்சிக்கிலோ டிரெஸ்டனிலோ மாற வேண்டும். சில நேரம் பிளாட்பாரம் மாற்றி அறிவிப்பார்கள், ஐந்து நிமிடத்தில் படி இறங்கி ஏற வேண்டியிருக்கும். கட்டி முடித்ததும் பெட்டியை வீட்டு மாடிப்படியில் ஒருமுறை தூக்கி ஏறிப் பாருங்கள், அவரவர் பெட்டியை அவரவர்தான் தூக்க முடியும்.

போர்வையை விட்டுவிடுங்கள், பெட்டியில் பாதியை அடைக்கும். பெட்ஷீட் இரண்டு, தெர்மல் (குளிருக்கு உள்ளே போடும் உடை) இரண்டு செட் போதும். கனத்த குளிர் கோட்டை இங்கே வாங்குங்கள், சென்னையில் விற்பது நவம்பரைத் தாங்காது. ஒரு ஜெர்கினை விமானத்திலேயே போட்டுக்கொண்டு வாருங்கள், எடையும் குறையும்.

தூத்துக்குடி மருந்துக்கடை:

மகளே, மருந்தை ஒருவர் பெட்டியில் மொத்தமாக வைக்கவே கூடாது. தினமும் சாப்பிடும் மருந்து எதுவானாலும் அவரவர் பெயரில் டாக்டர் சீட்டு, அவரவர் கைப்பை. உன் பையில் அவள் பெயர்ச் சீட்டோடு மாத்திரை இருந்தால் கேட்கிறவர்களுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இல்லாமல் மருந்தின் மூலப் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், ஜெர்மனியில் சொந்த உபயோகத்துக்கு அவ்வளவுதான் ஒப்புக்கொள்வார்கள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள், என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. அங்கே பாரசிட்டமால்கூட மருந்துக்கடையில் மட்டும்தான், ஆன்டிபயாடிக் சீட்டில்லாமல் கிடையாது. கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொரு ஜோடி செய்துகொண்டு போங்கள்.

சாத்தூர்க்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, உங்கள் பதிலை அப்படியே அவளுக்கு அனுப்பிவிட்டு உடனே போன் செய்தேன். துணியை மாற்றி வைப்பதற்கு உடனே சரி என்றாள். மிக்ஸி அவளுடையது என்று முடிவாகிவிட்டது, என் பெட்டியில் வருகிறது. குக்கருக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குச் சமைக்கத் தெரியாது, உன் அறைக்கு வந்துதான் சாப்பிடப்போகிறேன், எனக்கு எதுக்குக் குக்கர்" என்கிறாள். அது எனக்குச் சந்தோஷம்தான். வற்புறுத்தட்டுமா, விட்டுவிடட்டுமா?

லைப்சிக் அக்கா:

வற்புறுத்து. உனக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் யார் உலை வைப்பது? கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சோறு, ரசம், ஒரு பொரியல், மூன்றையும் அவளுக்குச் சொல்லிக்கொடு. அந்தப் புதுக் குக்கரிலேயே சொல்லிக்கொடு, எத்தனை விசில் என்று அவளுக்கே பிடிபட்டுவிடும்.

சாத்தூர்க்காரி:

ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் வருகிறாள் அக்கா. ரசத்தில் ஆரம்பிக்கிறோம்.