மறு: லாசரஸ் டாக்ஸானுக்குத் தமிழில் என்ன?

> "உயிர்த்தெழு இனம்" என்றே வைத்துவிடலாமே. லாசரு கதை தெரியாதவர் யார்?

ஐயா, வணக்கம். புதைபடிவங்களில் நெடுங்காலம் காணாமல்போய், அழிந்ததாக நினைக்கப்பட்டுப் பின்பு மீண்டும் தென்படும் உயிர்ப் பிரிவுதான் லாசரஸ் டாக்ஸான்; பைபிளில் இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் பெயர். உங்கள் சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பொருள்தான் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, "இனம்". சீலகாந்த் மீனையே எடுத்துக்கொள்வோம். 1938 டிசம்பர் 22 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், இழுவைப் படகின் மீன் குவியலுக்குள்ளிருந்து நீலத் துடுப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததை அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர் பார்த்தார். ஒன்றரை மீட்டர் நீளம், 57 கிலோ. நாற்றத்துக்குப் பயந்து டாக்சிக்காரர் முதலில் ஏற்றவே மாட்டேன் என்றாராம். அந்த மீனின் இனத்துக்குப் புதைபடிவமே கிடையாது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அழிந்துபோனதாக நினைத்திருந்தது அது சேர்ந்த வரிசை முழுவதையும். டாக்ஸான் என்றால் உயிரின வகைப்பாட்டில் எந்தப் படிநிலைப் பிரிவும்தான்: இனமும் ஆகலாம், அதைவிடப் பெரிய பேரினம், குடும்பம், வரிசையும் ஆகலாம். வகைப்பாடு என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் "வகை" போதும் என்பது என் எண்ணம்.

அப்புறம் "உயிர்த்தெழு". செத்தால்தானே உயிர்த்தெழ? இந்த மீன் வழி அறுபடவே இல்லை. நமக்குக் கிடைத்த பாறைகளில் தடயம் இல்லை, அவ்வளவுதான். கொமோரோ தீவு மீனவர்களின் தூண்டிலில் அவ்வப்போது மாட்டும். "கொம்பெஸ்ஸா" என்று பெயரே வைத்திருந்தார்கள். 1952இல் இரண்டாவது மீன் அங்கேதான் கிடைத்தது. அதை எடுத்துவர, முதல் மீனை ஆராய்ந்து பெயர் வைத்த பேராசிரியர் ஸ்மித் தென்னாப்பிரிக்கப் பிரதமரிடம் கேட்டு ராணுவ விமானத்தில் பறந்தார்.

மெட்டாசெக்கோயா மரமும் இப்படித்தான். ஜப்பானின் ஷிகேரு மிகி 1941இல் புதைபடிவத்தை மட்டும் வைத்து அந்தப் பேரினத்தை அமைத்தார். சில ஆண்டுகளிலேயே சீனாவில் மரமாகவே நிற்பது தெரியவந்தது. அடியில் சின்னக் கோயில் கட்டி ஊர்க்காரர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த மரம்!

அதனால் என் பரிந்துரை: கரந்துறை வகை. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருந்தால் அது கரந்துறைப் பாட்டு. சோதிடத்தில் கரந்துறை கோள்கள் உண்டு. கரந்து உறைதல், அதாவது கண்ணில் படாமல் வாழ்ந்துகொண்டிருத்தல். சாவும் இல்லை, எழுதலும் இல்லை.

> கிரிப்டிக் ஸ்பீசிஸோடு (பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் வெவ்வேறு இனங்கள்) குழம்பாதா?

நியாயமான கேள்வி. ஆனால் அவை இன்னோர் இனத்தின் உருவச் சாயலில் ஒளிந்தவை. அவற்றுக்கு "உருமறை இனம்" என்று வைத்தால் மோதாது.

கூடவே எல்விஸ் டாக்ஸானையும் முடித்துவிடலாம். தொல்லுயிரியலாளர்கள் எர்வினும் டிரோசரும் 1993இல் வைத்த பெயர். அழிந்த உயிர் திரும்பி வந்ததுபோலத் தோன்றும். பார்த்தால் அதன் வழிவராத வேறொன்று அதே வடிவத்துக்குப் பரிணமித்திருக்கும். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1977இல் இறந்த பிறகும் அவரைப் போல வேடமிட்டவர்கள் மேடையேறிக்கொண்டே இருந்ததால் இந்தக் கிண்டல். "எம்.ஜி.ஆர். வகை" என்று நண்பர் ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். திருவிழா ஆடல்பாடலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வருபவரை நினைத்துச் சிரித்தேன். பாடநூலில் செல்லாது. "வேட வகை" போதும்.

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் விக்சனரியில் மூன்றையும் ஏற்றிவிடுகிறேன்.