இரவில் உறுமும் ஃபிரிட்ஜ்: மாற்றும் முன் பார்க்க வேண்டியதும் வாங்கும்போது கேட்க வேண்டியதும்

கேட்டவர்:
அடுக்குமாடி வீடு. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் கிடையாது. 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், வாங்கிப் பத்து வருடம் இருக்கும். ராத்திரி வீடு அடங்கியபின் அதன் உறுமல் படுக்கையறை வரைக்கும் வருகிறது. மாற்றிவிட்டு 250 - 300 லிட்டரில் இரட்டைக் கதவு வாங்கலாம் என்று இருக்கிறோம். சத்தம் குறைவானதைக் கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வேலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக்:
சார், கடைக்குப் போவதற்கு முன் பழைய பெட்டியிடம் ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள். உறுமல் என்று கூப்பிடும் வீடுகளில் கம்ப்ரசரே கெட்டிருப்பது குறைவு. பெட்டி நிற்கிற தரை, அடியில் இருக்கும் ஸ்டாண்ட், தலையில் ஏற்றிய சாமான், பின்னால் தகட்டில் உரசும் குழாய், இவைதான் அதிகம். இதைப் பார்க்காமல் புதுசை வாங்கி அதே இடத்தில் நிறுத்தினால் பாதிச் சத்தம் புதுசிலும் வரும்.

ஃபேன், டிவி எல்லாம் நிறுத்திவிட்டு, கம்ப்ரசர் ஓடும்போது பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்துங்கள். சத்தம் குறைந்தாலோ சுருதி மாறினாலோ அது அதிர்வு, கம்ப்ரசர் கோளாறு இல்லை. அடுத்தது மேலே இருக்கும் ஸ்டெபிலைசர், எவர்சில்வர் டப்பா, தட்டு எல்லாவற்றையும் இறக்குங்கள். சுவரை விட்டு ஒரு சாண் இழுத்து வையுங்கள். எதிரெதிர் மூலைகளில் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். ஆடினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை. முன் கால்கள் திருகு வைத்தவை, கையாலோ ஸ்பேனராலோ திருப்பி உயரத்தைச் சரிசெய்யலாம். பக்கவாட்டில் ரசமட்டம் நேராக இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் தூக்கலாக இருந்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

அதன் பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கம் டார்ச் அடியுங்கள். நான்கு இடம் பார்க்க வேண்டும்:

- கம்ப்ரசர் மேல் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தட்டு. கிளிப் விட்டிருந்தால் கடகடவென்று அடிக்கும். கழுவி, அழுத்தி மாட்டினால் போதும்.
- செம்புக் குழாய்கள் ஒன்றோடொன்றோ பாடியோடோ தொடுகிற இடம். நடுவில் ரப்பர்த் துண்டு செருகலாம். குழாயை வளைக்கப் போகாதீர்கள். மடிந்தால் கேஸ் போகும். ஆர்600ஏ என்று ஸ்டிக்கரில் போட்டிருந்தால் அந்த கேஸ் தீப்பிடிக்கக்கூடியது.
- கம்ப்ரசரின் நான்கு கால்களில் இருக்கும் ரப்பர் புஷ். வருடம் ஆக ஆகக் கெட்டிப்பட்டு வெடித்துவிடும். செட்டாக நான்கையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கம்ப்ரசர் சாய்ந்து நிற்கும். நட்டை இறுக முடுக்கினால் புஷ் நசுங்கி அதிர்வு நேராகத் தகட்டுக்குப் போகும். கையால் அசைத்தால் கொஞ்சம் அசைய வேண்டும், அதுதான் சரி.
- பழைய மாடலில் முதுகில் இருக்கும் கறுப்புக் கம்பி வலை. திருகு தளர்ந்தால் ஜிய்ய்ய் என்று வரும்.

இவ்வளவும் சரியாக இருந்தும், நிற்கும்போதும் கிளம்பும்போதும் உள்ளேயிருந்து டங் டங் என்று பலமாக இடித்தால் கம்ப்ரசருக்குள் மோட்டாரைத் தாங்கும் ஸ்பிரிங் விட்டிருக்கலாம். மூடியே பற்றவைத்த பொருள் அது, பிரித்துச் சரிசெய்ய முடியாது. பத்து வருடப் பெட்டிக்குக் கம்ப்ரசர் மாற்றும் செலவு வீண். அப்போது மாற்றுங்கள்.

டிக், ம்ம்ம், டிக் என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் அது வேறு கதை. கம்ப்ரசர் கிளம்ப முடியாமல், அதைக் காக்கும் ஓவர்லோடு ஸ்விட்ச் கரண்டை வெட்டுகிறது. வோல்டேஜ் குறைவு, ரிலே பழுது, கம்ப்ரசர் ஜாம், இந்த வரிசையில் பார்க்க வேண்டும். கரண்ட் போய் உடனே வந்தாலும் இப்படி ஆகும். உள்ளே இரண்டு பக்க அழுத்தமும் சமமாகச் சில நிமிடம் வேண்டும். அதற்குத்தான் ஸ்டெபிலைசரில் டைம் டிலே வைக்கிறார்கள்.

எலெக்ட்ரீஷியன்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. கரண்ட் போனபோது மட்டும் உறுமல் அதிகமாகிறதா என்று கவனியுங்கள். யுபிஎஸ்ஸில் ஃபிரிட்ஜை ஓட்டுகிற வீடுகளில் இது அடிக்கடி வரும். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் யுபிஎஸ் தருவது சுத்தமான அலை இல்லை. சாதா கம்ப்ரசர் மோட்டார் அதில் கர்ர் என்று கத்தும், சூடும் ஏறும். சைன் வேவ் யுபிஎஸ்தான் ஃபிரிட்ஜுக்கு ஏற்றது.

நல்ல கரண்டிலும் மெல்லிய ம்ம் இருக்கத்தான் செய்யும். நம் சப்ளை 50 ஹெர்ட்ஸ். மோட்டாரில் காந்த இழுப்பு நொடிக்கு 100 தடவை நடப்பதால் அந்த ஸ்தாயியில் ஒரு ரீங்காரம் வரும். தாழ்ந்த ஸ்தாயி என்பதால் சுவரைத் தாண்டிப் போகும். படுக்கையறையில் கேட்பது பெரும்பாலும் இதுதான்.

ஸ்டெபிலைசர் ரிலே டிக் டிக் என்று மாற்றுவதையும் ஃபிரிட்ஜ் சத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு நாள் அதைத் தனியாகக் கீழே வைத்துக் கேளுங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். கையை வைத்து அழுத்தினால் நிஜமாகவே சத்தம் குறைகிறது. அடியில் சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்ட் இருக்கிறது. அதையே புதுசுக்கும் வைக்கலாமா? இரட்டைக் கதவில் ஃபேன் சத்தம் வேறு வரும் என்கிறார்களே?

ஃப்ராஸ்ட் ஃப்ரீ சர்வீஸ்:
ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம். தகட்டு ஸ்டாண்ட் தவில் மாதிரி, மேலே விழும் சின்ன அதிர்வையும் பெரிதாக்கித் தரும். ஈரத் தரை என்றால் நான்கு காலுக்கும் தனித்தனியாக கெட்டி ரப்பர் பேட் வையுங்கள். பஞ்சு போல அமுங்குவது கூடாது, ஒரு பக்கம் இறங்கிவிடும்.

ஃபேன் விஷயம் உண்மை. ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் பெட்டியில் பெரும்பாலும் ஃபேன் கிடையாது. இரட்டைக் கதவு பெரும்பாலும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதாவது ஐஸைத் தானே உருக்கிக்கொள்ளும் வகை. அதில் ஃப்ரீசரின் பின்சுவருக்குள் ஒரு ஃபேன் உண்டு. பெரிய பெட்டிகளில் கம்ப்ரசர் அருகில் இன்னொன்றும் இருக்கும். நல்ல நிலையில் அது காற்றுச் சத்தம் மட்டும்தான்.

தொல்லை தரும் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று பிரிக்கச் சுலபமான வழி இருக்கிறது. கதவைத் திறந்தால் பெரும்பாலான மாடல்களில் ஃபேன் நின்றுவிடும். திறந்ததும் சத்தம் நின்று, கதவு ஸ்விட்சை விரலால் அழுத்தியதும் திரும்பி வந்தால் உள் ஃபேன்தான். டரடர என்று இறக்கை எதிலோ உரசுவது போல இருந்தால் ஐஸ் கட்டியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, சாமானை எல்லாம் எடுத்துவிட்டு, கதவைத் திறந்தபடி ஒரு நாள் முழுக்க விடுங்கள். தரையில் துணி போட்டு வையுங்கள், தண்ணீர் வரும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் குத்த வேண்டாம். உள்ளே இருக்கும் சுருள் அலுமினியம், ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. ஓரிரு வாரத்தில் அதே சத்தம் மறுபடி வந்தால் ஐஸ் உருக்கும் ஹீட்டரோ, அதைக் கட்டுப்படுத்தும் பைமெட்டல் ஸ்விட்சோ சென்சாரோ வேலை செய்யவில்லை. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கட் தளர்ந்து ஈரக்காற்று புகுந்தாலும் இதே கதைதான். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். சிரமமில்லாமல் வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை.

புதுசு வாங்கினவுடன் பயந்து கூப்பிடும் சத்தங்கள் சிலவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கம்ப்ரசர் நின்றபின் சளசள, உஸ்ஸ்: குளிர்திரவம் மெல்லிய குழாய் வழியே சமநிலைக்கு வருகிறது. படார் என்று எப்போதாவது ஒரு வெடிப்பு: உள் பிளாஸ்டிக் சூடு, குளிரில் நீண்டு சுருங்குகிறது. சொய்ங் என்று தண்ணீர் சுண்டும் ஒலி: உருகிய சொட்டு ஹீட்டரில் விழுகிறது. மூன்றும் எந்த விலையுள்ள பெட்டியிலும் வரும்.

ஷோரூம் விற்பனையாளர்:
இப்போது வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் சத்தம் கேட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது. ஏசி, டிவி, கூட்டம் எல்லாம் சேர்ந்த இரைச்சலில் எதுவும் காதில் விழாது. காட்சிக்கு நிற்கும் பெட்டிகள் பெரும்பாலும் ஓடுவதும் இல்லை. எண்ணைத்தான் கேட்க வேண்டும்.

நம் ஊரில் மின்சிக்கனத்துக்கான அரசு அமைப்பு பி.இ.இ. தரும் நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் என்று இருக்கும், சத்தத்தின் அளவான டெசிபெல் இருக்காது. ஐந்து நட்சத்திரம் என்றால் சத்தமும் குறைவு என்று நினைத்து வாங்காதீர்கள். கம்பெனியின் விவரத் தாளில் டெசிபெல் இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பாவில் 2021 மார்ச்சிலிருந்து ஃபிரிட்ஜ் லேபிளிலேயே சத்த வகுப்பு அச்சிடுகிறார்கள்: 30க்குக் கீழே ஏ, 30 முதல் 36க்குள் பி, 36 முதல் 42க்குள் சி, 42ம் அதற்கு மேலும் டி (D). அந்த அளவுகோலை மனதில் வைத்துக்கொண்டால் நம் ஊர் விவரத் தாளும் புரியும். ஹாலோடு சேர்ந்த சமையலறைக்கு 38க்குக் கீழே தேடுங்கள், 35 கிடைத்தால் நிம்மதி.

இரண்டு எண்ணுக்கு நடுவே சின்ன வித்தியாசம்தானே என்று விட வேண்டாம். டெசிபெல் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 3 கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பு, 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். ஐரோப்பிய லேபிளில் போடுவது பெட்டி வெளியிடும் மொத்த ஒலி ஆற்றல். ஒரு மீட்டர் தள்ளித் திறந்த இடத்தில் அளந்தால் எண் சுமார் 8 குறையும். ஆகையால் ஒரு கம்பெனி தாளில் ஆற்றலும் இன்னொன்றில் ஒரு மீட்டர் அளவும் இருந்தால் ஒப்பிடக் கூடாது. எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். கடையில் பதில் தெரியாவிட்டால் கம்பெனிக்கு மெயில் போடுங்கள்.

அடுத்தது கம்ப்ரசர். சாதா கம்ப்ரசர் ஓடினால் ஒரே வேகம், நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல். நிற்கும், உதறிக்கொண்டு கிளம்பும். தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கிளம்பல்தான். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் ராத்திரி கதவு திறக்காத நேரத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் தேவைக்கு இதுதான் சரி. ஆனால் முழுக்க மௌனம் இல்லை. கடையிலிருந்து காய்கறி, பால் எல்லாம் மொத்தமாக அடுக்கின அன்றும், மின்வெட்டு முடிந்தபோதும் முழு வேகத்தில் ஏறும், மெல்லிய விசில் போன்ற ஒலி வரும். சிலருக்கு உறுமலைவிட இந்த உயர் ஸ்தாயி எரிச்சல் தரும். சத்தத்துக்குக் கூச்சப்படும் காது உள்ளவர் வீட்டில் இருந்தால், அதே மாடல் ஓடும் ஒரு வீட்டில் போய்க் கேட்டுவிடுவது நல்லது.

‘ஹோம் இன்வெர்ட்டரில் ஓடும்’ என்று கதவில் ஒட்டியிருப்பதைப் பார்த்து இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்று எண்ணிவிடாதீர்கள். அது யுபிஎஸ்ஸில் இணைக்கலாம் என்பது மட்டும். கம்ப்ரசர் என்ன வகை என்று தனியாகக் கேட்டு பில்லில் மாடல் எண்ணைச் சரிபாருங்கள்.

எவ்வளவு வெளி வெப்பம் வரை பெட்டி தாங்கும் என்று சொல்லும் கிளைமேட் கிளாஸும் பாருங்கள். ‘டி’ (T) என்பது 43 டிகிரி வரை, ‘எஸ்டி’ (ST) 38 வரை, ‘என்’ (N) 32 வரை. சென்னை, வேலூர், திருச்சி வெயிலில் ‘என்’ வகை பெட்டி ஓயாமல் ஓடும், ஓயாமல் கேட்கும்.

கட்டட வடிவமைப்பாளர்:
பெட்டி எவ்வளவு நல்லதானாலும் வைக்கும் இடம் கெடுத்துவிடும். நடு அறையில் தனியாக நிற்பதைவிடச் சுவரோரம் வைத்தால் சுமார் 3 டெசிபெல் கூடும், மூலையில் இன்னொரு 3. தாழ்ந்த ஸ்தாயியில்தான் இது முழுசாகத் தெரியும். மேலே பரண், இரண்டு பக்கமும் கடப்பா கல் என்று மூன்று பக்கம் அடைத்த பொந்துக்குள் தள்ளுவது இன்னும் மோசம். சத்தமும் திரும்பி வரும், வெப்பமும் வெளியேறாது. வெப்பம் தேங்கினால் இன்வெர்ட்டர் வேகம் கூட்டும், சத்தம் மறுபடி கூடும். இப்போதைய பெட்டிகளில் வெப்பக் குழாய் பக்கச் சுவருக்குள் ஓடுவதால் பக்கவாட்டில் ஐந்து சென்டிமீட்டராவது விடுங்கள், பின்னால் பத்து. மேனுவலில் அதிகம் கேட்டால் மேனுவல்படி.

படுக்கையறைக்குப் பொதுவான சுவரில் முதுகைச் சாய்த்து வைக்காதீர்கள். தரை டைலைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று உள்ளீடற்ற ஒலி வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை, அந்த டைல் அதிர்வைப் பெருக்கும். ஒரு டைல் தள்ளி வைத்தாலே மாற்றம் தெரியும்.

சத்தம் அடங்கட்டும் என்று பின்னால் தெர்மாகோல், போர்வை, கார்ப்பெட் அடைப்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கம்ப்ரசர் சூடு போக வழியில்லாமல் போய் ஆயுள் குறையும், தீ ஆபத்தும் உண்டு.

கேட்டவர்:
கைக்குழந்தை இருக்கும் அறைக்குப் பால் வைக்க ஒரு குட்டி ஃபிரிட்ஜும் யோசிக்கிறோம். சத்தமே இல்லாதது இருக்கிறதா?

ஃபிரிட்ஜ் மெக்கானிக்:
ஓட்டல் அறை மினிபாரில் வரும் அப்சார்ப்ஷன் வகை. கம்ப்ரசர் கிடையாது, அம்மோனியாவும் தண்ணீரும் சூட்டினால் சுழலும், அசையும் பாகமே இல்லை. 1922இல் ஸ்வீடன் மாணவர்கள் இருவர் கண்டுபிடித்த முறை. ரசமட்டம் துல்லியமாக இருந்தால்தான் குளிரும். கரண்ட் அதிகம் தின்னும். நம் வெயிலில், ஏசி இல்லாத அறையில், பால் பாதுகாப்பாக இருக்கும் அளவுக்கு, அதாவது 4 டிகிரிக்கு, இறங்குவது சந்தேகம். தெர்மோமீட்டர் வைத்துப் பார்க்காமல் குழந்தை பாலை நம்பி வைக்காதீர்கள். கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு வைத்த பெல்டியர் வகைக் குட்டிப் பெட்டியிலும் கம்ப்ரசர் இல்லை, ஆனால் ஃபேன் ஓயாமல் ஓடும். பால் பெரிய ஃபிரிட்ஜிலேயே, கதவில் இல்லாமல் உள் தட்டில் இருக்கட்டும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ சர்வீஸ்:
பெட்டி வரும் நாளில்: நிமிர்த்தியே கொண்டுவரச் சொல்லுங்கள். படுக்க வைத்து ஏற்றினால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், நிமிர்த்தி நான்கு மணி நேரமாவது விட்டுப் பிறகு போடுங்கள். அடியில் தெர்மாகோல், உள்ளே தட்டுகளைப் பிடித்திருக்கும் டேப் எல்லாம் எடுத்தாயிற்றா பாருங்கள். கண்ணாடித் தட்டும் பாட்டிலும் ஒன்றோடொன்று தொட்டால் கிணுகிணுக்கும். முதல் நாள் முழு வேகத்தில் ஓடும், அன்று சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாம் நாள் ராத்திரி, பெட்டி குளிர்ந்து அடங்கியபின், ஒரு மீட்டர் தள்ளி ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஃபோன் டெசிபெல் ஆப் காட்டும் எண் துல்லியம் இல்லை. அதே ஃபோனில் அதே இடத்தில் பழையதையும் புதியதையும் அளந்தால் வித்தியாசம் மட்டும் நம்பலாம். ஆகவே பழையதை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும் முன் அளந்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் மாற்றித் தரும் காலம் சில நாட்கள்தான். அதற்குள் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். வரும் டெக்னீஷியன் ‘இது நார்மல்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போக விடாதீர்கள். எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து, என்ன சத்தம் என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். பத்து வருட வாரண்டி என்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். கேஸும் கூலியும் அதில் சேருமா என்று பில் போடும்போதே கேளுங்கள். கடையும் கம்பெனியும் மாறி மாறிக் கைகாட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.