புதுப்பிப்பு: கூலன்ட் குறைந்த அந்தப் பழைய கார்

போன வாரம் கேட்டிருந்தேன்: வாங்கப் பார்த்த பழைய காரில் கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அதன் டப்பாவில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது, "கொஞ்சம் ஊற்றினால் போதும்" என்கிறார் உரிமையாளர், நம்பலாமா என்று. மெக்கானிக்கோடு மறுபடி போய்ப் பார்த்துவிட்டேன்.

இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் முன்பே சொல்லியிருந்தோம். ஆறிய இஞ்சினில் மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, காற்றழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் போட்டிருந்த 1.1 பார் வரை பம்ப் அடித்தார். பத்து நிமிடத்தில் முள் 0.8-க்கு இறங்கியது. தரையிலோ ஒரு சொட்டு இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டே போய், கூலன்ட் உள்ளுக்குள் கசிகிறதோ?

அவர் அலட்டிக்கொள்ளாமல் கூலன்டைச் சுழலவிடும் வாட்டர் பம்ப் அடியில் டார்ச் அடித்தார். அங்கே ஒரு சின்னத் துளை, சுற்றிலும் உப்புப் பூத்த மாதிரி வெளிர்பச்சைக் கறை. தொட்டால் ஈரம். உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகத்தான் கசியுமாம். சொட்டியதெல்லாம் அடித்தட்டில் தேங்கிக் கிடந்தது.

அப்புறம் இஞ்சினை ஓடவிட்டு கேஸ்கெட்டையும் சோதித்தோம். கூலன்ட்டில் இஞ்சின் புகை கலந்திருந்தால் மஞ்சளாகும் நீலச் சோதனைத் திரவம் நிறம் மாறவில்லை, ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் கூலன்ட் கலந்ததைக் காட்டும் பால் நிறம் இல்லை.

பம்ப்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட் என்பதால், இரண்டையும் மாற்றும் செலவைக் கழித்து விலை சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் உரிமையாளர்.